கெமாஸ் – தும்பாட் ஒற்றைத் தடம்: முதலில் கம்பியா, தடமா, மலையா?

2025 டிசம்பரில் மலேசியாவின் இடிஎஸ் மின்சார ரயில் ஜோகூர் பாருவுக்குப் போய்ச் சேர்ந்தது. இப்போது பாடாங் பெசாரில் ஏறினால் தீபகற்பத்தின் தெற்கு முனை வரை இரட்டைத் தடம், தலைக்கு மேல் 25,000 வோல்ட் கம்பி. கோலாலம்பூரைச் சுற்றிக் கொமுட்டர் எனும் புறநகர் மின்ரயில் ஓடத் தொடங்கிய 1995இலிருந்து எண்ணினால் முப்பது வருஷ வேலை இது.

இனி தீபகற்பத்தில் ஒற்றைத் தடமாக, டீசல் வண்டி மட்டும் ஓடும் நீண்ட பாதை என்று மிச்சமிருப்பது ஒன்றுதான். கெமாசில் பிரிந்து மெந்தகாப், ஜெராண்டுட், குவால லிப்பிஸ், குவா மூசாங், குவால கிராய் வழியாகத் தும்பாட் போகும் கிழக்குக் கரைத் தடம், ஏறக்குறைய 526 கிலோமீட்டர். செந்தூலிலும் பிரிக்பீல்ட்ஸிலும் பழைய ரயில்வே குடும்பத்துக்காரர்கள் நாலு பேர் உட்கார்ந்தால் பேச்சு இதில்தான் வந்து நிற்கிறது. இருப்பதைச் சீர்செய்து ஓட்டலாம் என்கிறார் ஒருவர். கம்பி மட்டும் கட்டினால் போதும் என்கிறார் இன்னொருவர். ஜோகூருக்குச் செய்தது போலப் பக்கத்திலேயே இரண்டாவது தடம் போடச் சொல்கிறார்கள் சிலர். மலையைக் குடைந்து புது வழியே போடணும் என்பவர்களும் இருக்கிறார்கள்.

எனக்கும் ஒரு கட்சி உண்டு. மலைப் பகுதியில் தடம் எந்த வழியாகப் போகப் போகிறது என்று முடிவு செய்யும்வரை ஒரு மின்கம்பம்கூட நடக்கூடாது என்பதே அது. முதலிலேயே சொல்லிவிடுகிறேன், கீழே வரும் ஒப்பீட்டை அதைத் தெரிந்துகொண்டே படியுங்கள்.

இந்தத் தடம் 1931இல் முழுமை பெற்றது. ஜப்பான்காரன் காலத்தில் இதன் தண்டவாளத்தைப் பெயர்த்து சயாம் – பர்மா ரயில் பாதைக்குக் கொண்டுபோனார்கள். தோட்டப்புறத்துத் தமிழர்களை ஆயிரம் ஆயிரமாக ஏற்றிக்கொண்டு போனதும் அதே பாதை போடத்தான். தண்டவாளத்தைப் போருக்குப் பின் திரும்பப் போட்டு முடித்தார்கள். போனவர்களில் திரும்பாதவர்கள் ஏராளம். இந்த லைனை ஆள் இல்லாத காட்டு ரயில் என்று யாராவது லேசாகத் தள்ளிவிடும்போது எனக்கு மனசு பொறுப்பதில்லை. அதற்கு இதுவும் ஒரு காரணம்.

சரி, விஷயத்துக்கு வருவோம். "அங்கே ஓடுவதே கொஞ்சம் வண்டிதானே, அதற்கு எதற்கு இத்தனை செலவு?" என்பதுதான் முதலில் வரும் கேள்வி. ஒற்றைத் தடத்தில் நெரிசல் என்பது எத்தனை வண்டி ஓடுகிறது என்பதை மட்டும் பொறுத்தது அல்ல. இரண்டு வண்டிகள் ஒன்றையொன்று தாண்டிப்போக எத்தனை இடம் இருக்கிறது, அந்த இடங்கள் எவ்வளவு தள்ளித்தள்ளி இருக்கின்றன என்பதைப் பொறுத்தது.

லூப்பில், அதாவது வழிவிட ஒதுங்கும் பக்கத் தடத்தில், எதிர் வண்டிக்காக நிற்கும் ரயிலைக் கொஞ்சம் கவனித்துப் பாருங்கள். நிற்பதற்கு வெகு முன்பே நேரம் கரையத் தொடங்கிவிடுகிறது. ஸ்டேசன் எல்லையிலேயே ஓட்டுநர் வேகத்தைக் குறைக்கிறார். தடம் பிரியும் பாய்ண்டில் பெட்டிகள் ஒவ்வொன்றாகக் குலுங்கிக்கொண்டு பக்கத் தடத்தில் ஏறுகின்றன. கடைசிப் பெட்டி முழுசாக உள்ளே வந்த பிறகுதான் பாய்ண்டைத் திருப்பி எதிர் வண்டிக்கு சிக்னல் கொடுக்க முடியும். எஞ்சின் உறுமிக்கொண்டே நிற்கிறது. ஜன்னல் ஓரத்தில் இருப்பவர் கைப்பேசியில் சிக்னல் இருக்கிறதா என்று தூக்கிப் பார்க்கிறார். எதிர் வண்டி தடதடவென்று போன பிறகு மறுபடி பாய்ண்ட், மறுபடி சிக்னல், அப்புறம் நின்ற இடத்திலிருந்து ஏற்றத்தில் இழுத்துக் கிளம்ப வேண்டும். எல்லாம் நேரத்துக்கு நடந்தாலே பத்து நிமிஷம் போய்விடும். எதிர் வண்டி அரை மணி தாமதம் என்றால் இந்த வண்டியும் அரை மணி தாமதம். இது அடுத்த லூப்பில் சந்திக்க வேண்டிய மூன்றாவது வண்டிக்கும் அந்த அரை மணி தொற்றிக்கொள்ளும். கிளந்தானில் காலையில் ஆரம்பித்த கோளாறு சாயங்காலம் பகாங்கில் வந்து நிற்பது இப்படித்தான்.

இதற்கு ஒரு சின்னக் கணக்கு. இரண்டு லூப்புக்கு இடையில் 20 கிலோமீட்டர், வண்டி சராசரி 60 கிலோமீட்டர் வேகத்தில் போகிறது என்று வைத்துக்கொள்வோம். ஓட்டத்துக்கு 20 நிமிஷம், பாய்ண்டுக்கும் சிக்னலுக்கும் 5 நிமிஷம். ஆக, 25 நிமிஷத்துக்கு ஒரு வண்டிதான் அந்தத் துண்டுக்குள் நுழைய முடியும். ஒரு நாளில் 4 மணி நேரம் பராமரிப்புக்கு ஒதுக்கிவிட்டால், மீதி 20 மணி நேரத்தில் இரண்டு பக்கமும் சேர்த்து 48 வண்டி. அதையும் முழுசாக நிரப்ப முடியாது. தாமதத்தை விழுங்க இடம் வேண்டும். மூன்றில் இரண்டு பங்கு என்று எடுத்தால் 32. இப்போது நடுவில் ஒரு லூப்பைப் போட்டுத் துண்டை 10 கிலோமீட்டராக்குங்கள். 10 நிமிஷ ஓட்டம், 5 நிமிஷ சிக்னல் வேலை. கணக்கு 53 வண்டிக்கு ஏறுகிறது. இன்னொரு முறை பாதியாக்கினால் 80. அந்த 5 நிமிஷம் மாறாமல் இருப்பதால், போகப்போக லூப்புக்கான செலவு ஏறும், கிடைக்கும் பலன் தேயும். இரட்டைத் தடத்தில் ஒவ்வொரு பக்கமும் 8 நிமிஷத்துக்கு ஒரு வண்டி விட்டால் அதே கணக்கில் 200 வரும். இரண்டாவது தடம் இருப்பதை இரு மடங்காக்குகிறது என்று பலர் நினைக்கிறார்கள். உண்மையில் அது ஆறு மடங்காக்குகிறது.

இன்னொரு விஷயம், 526 கிலோமீட்டரில் எல்லாத் துண்டும் நன்றாக இருந்து ஒரே ஒரு துண்டு மட்டும் நீளமாக இருந்தாலும் முழு லைனின் கொள்ளளவு அந்த ஒரு துண்டின் கொள்ளளவுதான். அந்த நீளமான துண்டு எப்போதும் மலையில்தான் இருக்கும். லூப் போடக் கிட்டத்தட்ட சமதளம் வேண்டும். ஏற்றத்தில் நிறுத்திய சரக்கு வண்டியைத் திரும்பக் கிளப்புவது பெரும் பாடு. மலையில் சமதளம் எங்கே இருக்கிறது?

இதனால்தான் முதல் வழி, அதாவது லூப்புகளை நீட்டி, ஒன்றிரண்டு புதிதாகப் போட்டு, சிக்னலைப் புதுப்பித்து டீசலிலேயே ஓட்டுவது, பார்க்க எளிதாக இருந்தாலும் வேலை செய்யும் இடமும் செய்யாத இடமும் உண்டு. கெமாசிலிருந்து பகாவ், மெந்தகாப், ஜெராண்டுட் வரை அது நன்றாகவே வேலை செய்யும். நிலம் அவ்வளவு கரடுமுரடு இல்லை, இடம் இருக்கிறது, சாலையும் பக்கத்தில் இருக்கிறது. குவால லிப்பிஸ் தாண்டியதும் அந்த வசதி குறைந்துகொண்டே போகிறது. செலவு குறைவு, இரண்டு மூன்று வருஷத்தில் பலன் தெரியும், ஓடும் வண்டிக்கும் பெரிய தொந்தரவு இல்லை. ஆனால் வேகம் ஏறாது. வண்டிகள் கூடக்கூட லூப்பில் நிற்கும் நேரமும் கூடும். முதலில் செய்ய வேண்டிய வேலை என்று இதை ஏற்கலாம். இதோடு நிறுத்திக்கொள்ளலாம் என்றால் ஏற்க மாட்டேன்.

கம்பி மட்டும் கட்டுவது இரண்டாவது வழி. இதைப் பற்றித்தான் அதிகம் பேச வேண்டியிருக்கிறது, ஏனென்றால் இதுதான் மேடையில் சொல்லச் சுலபம். ரிப்பன் வெட்டலாம், மின்சார ரயில் வந்துவிட்டது என்று படம் எடுக்கலாம்.

மின்சாரத்தில் உண்மையான லாபம் இருக்கிறது. டீசல் எஞ்சின் தன் சக்தியைத் தானே சுமந்துகொண்டு போகிறது. மின் எஞ்சினுக்கு அது கம்பியில் வருகிறது. அதே எடையுள்ள மின் எஞ்சின் ஏற்றத்தில் இன்னும் வேகமாக இழுக்கும், சில நிமிஷங்களுக்குத் தன் அளவுக்கு மீறியும் இழுக்கும். இறங்கும்போது பிரேக்கில் வீணாகும் சக்தியைக் கம்பிக்குத் திருப்பிக் கொடுக்கும். சுரங்கத்துக்குள் புகை கிடையாது. மலை லைனுக்கு மின்சாரம் பொருத்தம் என்பதில் சந்தேகமே இல்லை.

ஆனால் நம் லைனில் வேகத்தைக் கட்டிப்போட்டிருப்பது ஏற்றம் மட்டுமல்ல, வளைவும்தான். நூறு வருஷத்துக்கு முன் போட்டவர்கள் மண் வெட்டுவதை மிச்சப்படுத்த ஆற்றோரமாகவும் மலையோரமாகவும் வளைத்து வளைத்துப் போட்டார்கள். மீட்டர் கேஜில், அதாவது இரண்டு தண்டவாளத்துக்கும் நடுவில் ஒரு மீட்டர் அகலமுள்ள தடத்தில், 200 மீட்டர் ஆரமுள்ள வளைவில் சுமார் 50 கிலோமீட்டர் வேகம்தான் பாதுகாப்பு. வேகம் இரண்டு மடங்காக வேண்டுமென்றால் ஆரம் நான்கு மடங்காக வேண்டும்; அது இயற்பியல், பேரம் பேச முடியாது. 120 கிலோமீட்டர் வேகத்துக்கு ஆயிரம் மீட்டருக்கும் மேற்பட்ட ஆரம் வேண்டும். எத்தனை ஆயிரம் வோல்ட் கம்பியைக் கட்டினாலும் அந்த வளைவு நேராகாது. இடிஎஸ் வண்டியைக் கொண்டுவந்து இந்தத் தடத்தில் விட்டால் அதுவும் 50இல்தான் ஊரும்.

அப்புறம் கம்பியின் சொந்தப் பிரச்சனைகள். இதற்கு ஏறக்குறைய 50 கிலோமீட்டருக்கு ஒரு துணைமின் நிலையம் வேண்டும். அதற்கு உயர் அழுத்த மின்சாரம் காட்டுக்குள் வந்தாக வேண்டும். நம் ஊர் இடி மின்னல் உலகத்திலேயே பேர்போனது. கோலாலம்பூர் வட்டாரத்தில் ஆண்டுக்கு ஏறத்தாழ 200 நாள் இடி இடிக்கிறது. மழைக்கால மாலையில் கொமுட்டருக்குக் காத்திருந்தவர்களுக்கு மின்னல் சிக்னலை என்ன செய்யும் என்று சொல்ல வேண்டியதில்லை. காட்டில் இதோடு மரம் விழுவதும் சேரும். இரட்டைத் தடத்தில் ஒரு பக்கக் கம்பி அறுந்தால் மறுபக்கத்தில் சமாளிக்கலாம். ஒற்றைத் தடத்தில் அறுந்தால் எல்லாம் நின்றுவிடும். பழைய சுரங்கங்களும் குறுக்கே போகும் பாலங்களும் இன்னொரு தலைவலி. 25,000 வோல்ட் கம்பிக்கும் சுவருக்கும் இடையில் கால் மீட்டருக்கும் கூடுதலாக வெற்று இடம் வேண்டும், அதற்குக் கீழே பெட்டி போக வேண்டும். இடம் போதாவிட்டால் ஜல்லியை எடுத்துவிட்டுத் தடத்தைக் கான்கிரீட்டில் தாழ்த்திப் போடலாம், கம்பிக்குப் பதில் மேலே விறைப்பான உலோகச் சட்டம் பொருத்தி உயரத்தை மிச்சப்படுத்தலாம், இல்லை கூரையைச் செதுக்கலாம். எல்லாமே முடியும். எல்லாவற்றுக்கும் லைனை மூடி வைக்க வேண்டும்.

இந்தியாவின் கொங்கண் ரயில்வேயைக் காட்டி, ஒற்றைத் தடத்திலேயே கம்பி கட்டினார்களே என்று கேட்பார்கள். கட்டினார்கள்தான். 1998இல் முழுசாகத் திறந்த 700 கிலோமீட்டருக்கும் மேற்பட்ட அந்தத் தடத்தில் 2022இல் மின்மயம் முடிந்தது. பெரும் பகுதி இன்னும் ஒற்றைத் தடம். ஆனால் கொங்கண் லைனைப் போட்டது 1990களில். தொண்ணூறுக்கு மேல் சுரங்கம், அதில் கர்புடே மட்டும் ஆறரை கிலோமீட்டர், உயர உயரமான பாலங்கள், அகலமான வளைவுகள். அவர்கள் வழியை முதலில் சரியாகப் போட்டுவிட்டார்கள். கம்பி பின்னால் வந்தது. அங்கேயும் நெரிசல் தாங்காமல் ரோஹா – வீர் துண்டை இரட்டைத் தடமாக்கி 2021இல் திறந்தார்கள். கொங்கணிலிருந்து நாம் கற்க வேண்டியது கம்பியை அல்ல, அந்த வரிசையை.

பழைய வளைவிலேயே இன்று கம்பம் நட்டால், நாளைக்கு வளைவை நேராக்கும்போது அத்தனை கம்பத்தையும் பிடுங்க வேண்டும். மக்கள் பணத்தில் ஒரே வேலையை இரண்டு முறை செய்வதை என்னால் ஏற்க முடியாது.

மூன்றாவது வழி, பக்கத்திலேயே இரண்டாவது தடத்தைப் போட்டு, முடிந்த இடத்தில் வளைவை நிமிர்த்தி, இரண்டுக்கும் கம்பி கட்டுவது. இது நம் நாட்டில் பலமுறை செய்து பார்த்த வழி. தைப்பூசத்துக்குப் பத்துமலை போகும் நம் சனங்களுக்கு இது நன்றாகவே தெரியும். செந்தூல் – பத்துமலைக் கிளை முன்பு ஒற்றைத் தடமாகக் கிடந்தது. 2010இல் இரட்டைத் தடமாக, மின்தடமாகத் திறந்த பிறகு அந்த மூன்று நாள் கூட்டத்தைக் கொமுட்டர் எப்படித் தூக்கிக்கொண்டு போகிறது என்று பார்க்கிறோம். சமதளம், குறைந்த தூரம். அந்த மாதிரி இடத்தில் இதைவிட நல்ல வழி கிடையாது.

சிரம்பான் – கெமாஸ் 98 கிலோமீட்டரை இந்தியாவின் இர்கான் நிறுவனம் 3.45 பில்லியன் ரிங்கிட் ஒப்பந்தத்தில் கட்டி 2013இல் முடித்தது. கிலோமீட்டருக்குச் சுமார் 35 மில்லியன். ஈப்போ – பாடாங் பெசார் 329 கிலோமீட்டர், 12.485 பில்லியன், கிலோமீட்டருக்கு 38 மில்லியன். கெமாஸ் – ஜோகூர் பாரு 192 கிலோமீட்டருக்கு 9.55 பில்லியன், கிட்டத்தட்ட 50 மில்லியன். காலம் வேறு, விலைவாசி வேறு. ஒன்றோடொன்றை அப்படியே ஒட்டி வைத்துப் பார்க்கக் கூடாது. ஆனாலும் கடைசி விலையை வைத்து 526 கிலோமீட்டரைப் பெருக்கினால் 26 பில்லியனுக்கு மேல் வருகிறது. அதுவும் ஜோகூர் நிலத்தின் விலை, கிளந்தான் மலையின் விலை அல்ல.

மலையில் "பக்கத்திலேயே ஒன்று" என்பது காகிதத்தில் மட்டும்தான் எளிது. மலைச் சரிவில் பதித்த ஒற்றைத் தடத்தை நினைத்துப் பாருங்கள். ஒரு பக்கம் வெட்டிய மண் சுவர், மறுபக்கம் ஆறு. இரண்டாவது தடத்துக்கு இடம் வேண்டுமென்றால் சுவரை இன்னும் உள்ளே வெட்டணும், இல்லாவிட்டால் ஆற்றுப் பக்கம் மண் கொட்டி உயர்த்தணும். உள்ளே வெட்டினால் சரிவு இன்னும் உயரமாகிறது. நம் நாட்டு மலை மண் பெரும்பாலும் மக்கிய கருங்கல். காய்ந்திருக்கும்போது சிவப்பாகக் கெட்டியாக நிற்கும், தொடர்ந்து நாலு நாள் மழை ஊறினால் புட்டு மாதிரி உதிரும். அதனால் படிக்கட்டு போல வெட்டி, ஒவ்வொரு படியிலும் கான்கிரீட் வாய்க்கால் கட்டி, சரிவுக்குள் ஆணிபோல இரும்புக் கம்பிகளை இறக்கி, தண்ணீர் வெளியே வரக் குழாய் செருகுகிறார்கள். கட்டி முடித்த அன்று பார்க்க அழகாகத்தான் இருக்கும். ஐந்து வருஷம் கழித்து மழை விட்ட காலையில் போய்ப் பாருங்கள். மூன்றாவது படி வாய்க்காலில் இலையும் சேறும் அடைத்து, தண்ணீர் வாய்க்காலை விட்டு வழிந்து சரிவின் முகத்தில் ஒரு கோடு கிழித்திருக்கும். குழாய்களில் பாதி சொட்டும், பாதி காய்ந்து கிடக்கும். காய்ந்து கிடக்கும் குழாயைத்தான் மேற்பார்வைக்காரர் பயத்தோடு பார்ப்பார்; உள்ளே தண்ணீர் இல்லையா, இல்லை வெளியே வர வழியில்லாமல் நிற்கிறதா? அதைக் கண்டுபிடிப்பதற்குள் சரிவு இறங்கிவிடலாம். இப்படி ஒரு சரிவைக் கட்டுவது ஒரு செலவு. அதை ஐம்பது வருஷம் துடைத்துக் காப்பது அதைவிடப் பெரிய செலவு, அது எந்த ஒப்பந்தத் தொகையிலும் தெரிவதில்லை.

இது எல்லாம் ஓடும் வண்டிக்குப் பக்கத்தில் நடக்க வேண்டும். மேலே வெட்டும்போது ஒரு பாறை உருண்டால் கீழே தடம். அதனால் வேலை ராத்திரியில், வண்டி இல்லாத மூன்று நாலு மணி நேரத்தில். இயந்திரத்தைக் கொண்டுபோய் நிறுத்தவே ஒரு மணி, திரும்பத் தடத்தைப் பரிசோதித்து ஒப்படைக்க ஒரு மணி. நடுவில் கிடைப்பதுதான் வேலை நேரம். மேற்குக் கரையில் பல இடங்களில் புதுத் தடத்தை முதலில் தள்ளிப் போட்டு, வண்டியை அதற்கு மாற்றிவிட்டு, பழையதைப் பெயர்த்துப் புதுப்பித்தார்கள். அது சமவெளியில் முடியும். ஆற்றுக்கும் மலைக்கும் நடுவில் தள்ளிப் போட இடம் ஏது?

பேராக்கில் இந்தக் கேள்வி நேராகவே வந்தது. பாடாங் ரெங்காசுக்கும் தைப்பிங்குக்கும் நடுவில் புக்கிட் பெராப்பிட் கணவாய். பழைய லைன் அங்கே வளைந்து ஏறி, சிறு சிறு சுரங்கங்களில் நுழைந்து போகும். நாட்டிலேயே மழை அதிகம் பெய்யும் ஊர்களில் தைப்பிங்கும் ஒன்று. பழைய சரிவை அகலப்படுத்திக்கொண்டிருக்காமல் 3.3 கிலோமீட்டருக்கு இரட்டைச் சுரங்கம் குடைந்தார்கள். கொஞ்சம் வடக்கே புக்கிட் மேரா ஏரியில் 3.5 கிலோமீட்டருக்குப் பாலமே கட்டிவிட்டார்கள். 329 கிலோமீட்டரில் இந்த இரண்டும் சேர்ந்து 7 கிலோமீட்டர்கூட இல்லை. ஆனால் வடக்கே ரயில் இன்று போகும் வேகத்தைத் தீர்மானித்தது அந்த 7 கிலோமீட்டரில் எடுத்த முடிவு. கணவாயில் பழைய வளைவை வைத்துக்கொண்டு மற்ற 322 கிலோமீட்டரை மட்டும் சீராக்கியிருந்தால் பினாங்கு ரயில் இன்றும் தைப்பிங் மலையில் ஊர்ந்துகொண்டிருக்கும்.

இதையே நீட்டிக்கொண்டு போனால் நான்காவது வழி: பழைய தடத்தை மறந்துவிட்டு, நேரான புது வழி, நீளச் சுரங்கம். கிழக்குக் கரைக்குப் புதிதாகப் போடும் ஈசிஆர்எல் ரயில் பாதை அதுதான். 665 கிலோமீட்டர், 50.27 பில்லியன் ரிங்கிட், கிலோமீட்டருக்கு 75 மில்லியன். கெந்திங் மலைக்கு அடியில் 16.39 கிலோமீட்டர் சுரங்கம். கோத்தா பாருவிலிருந்து கோம்பாக் வரை 2027இல் ஓட வேண்டும் என்பது திட்டம். பயணிகள் வண்டி மணிக்கு 160 கிலோமீட்டர் போகும். இந்த வழி வெள்ளத்துக்கும் மண்சரிவுக்கும் பெரும்பாலும் தப்பிவிடும், ஓடும் வண்டிக்குப் பக்கத்தில் வேலை செய்ய வேண்டியதில்லை.

ஆனால் ஈசிஆர்எல் வந்துவிட்டதே, பழைய லைன் எதற்கு என்று கேட்பவர்களோடு நான் ஒத்துப்போகவில்லை. ஈசிஆர்எல் திரங்கானு கடலோரமாக வந்து குவாந்தான் பக்கம் திரும்புகிறது. குவால லிப்பிஸ், குவா மூசாங், டாபோங், குவால கிராய் மக்களுக்கு அதனால் ஒன்றும் இல்லை. பள்ளிப் பிள்ளைகளும் சந்தைக்குப் போகும் கிழவிகளும் ஏறும் உள்ளூர் வண்டி ஓடுவது பழைய லைனில். இன்னொன்று, ஈசிஆர்எல் 1,435 மில்லிமீட்டர் கேஜ், பழைய லைனை ஓட்டும் கேடிஎம் நிறுவனத்தின் தடம் 1,000 மில்லிமீட்டர். ஒரு பெட்டி அங்கிருந்து இங்கே உருள முடியாது. சரக்கை இறக்கி ஏற்ற வேண்டும். ஆக, இரண்டும் ஒன்றுக்கொன்று மாற்று அல்ல. கோத்தா பாருவிலிருந்து கோலாலம்பூர் வரும் நீண்ட தூரப் பயணியை ஈசிஆர்எல் பெரும்பாலும் எடுத்துக்கொள்ளும் என்பது உண்மை. அதனால் பழைய லைனுக்கு 160 கிலோமீட்டர் வேகம் தேவையில்லை. அதற்குத் தேவை நம்பகம்: மழையில் நிற்காத தடம், நேரத்துக்கு வரும் வண்டி, சரக்குக்கு இடம். 2014 டிசம்பர் வெள்ளத்தில் கெமுபு பாலம் அடித்துக்கொண்டு போனபோது கிளந்தானுக்கு ரயில் திரும்ப முழுசாக ஓட 2016 ஆகிவிட்டது. அந்த ஒன்றரை வருஷம் அந்த ஊர்க்காரர்கள் பட்ட பாட்டுக்கு எந்தப் பயண வேகமும் ஈடாகாது.

ஆகவே நான் சொல்வது நான்கில் ஒன்று அல்ல, நான்கையும் இடம் பார்த்துப் பிரிப்பது. கெமாசிலிருந்து ஜெராண்டுட், குவால லிப்பிஸ் வரை லூப்பை நீட்டி சிக்னலை மாற்றுவது. அந்த லூப்புகளைச் சும்மா நாலு பெட்டிக்குப் போடாமல், பின்னால் இரண்டாவது தடமாக மாறும்படி ஐந்தாறு கிலோமீட்டர் நீளத்துக்குப் போட வேண்டும். வண்டிகள் நிற்காமலே ஒன்றையொன்று கடந்து போகும், போட்ட தண்டவாளமும் வீணாகாது. குவால கிராயிலிருந்து தும்பாட் வரை தாழ்வான நிலம். அங்கே பக்கத்தில் இரண்டாவது தடம் போடலாம், வெள்ள மட்டத்துக்கு மேல் உயர்த்தியே போட வேண்டும் என்பது மட்டும் நிபந்தனை.

குவா மூசாங்கிலிருந்து கெமுபு, டாபோங் வழியாகக் குவால கிராய் வரையுள்ள ஆற்றோரப் பகுதிதான் இந்த லைனுக்குப் புக்கிட் பெராப்பிட் கணவாய் மாதிரி. பெரிய பணம் அங்கே முதலில் போக வேண்டும். அங்கே பழைய வளைவை அகலப்படுத்தக் கூடாது. சின்னச் சின்னச் சுரங்கமும் உயரப் பாலமுமாக, வெள்ளம் தொடாத மட்டத்தில் புது வழி போட வேண்டும். பாலத்துக்கு அடியில் ஆறும் போகும், யானையும் போகும். நிலத்தையும் தடுப்புச் சுவரையும் பாலத் தூணையும் இரண்டு தடத்துக்கு ஏற்றபடி கட்டிவிட்டு, தண்டவாளம் இப்போதைக்கு ஒன்று மட்டும் போட்டால் போதும். சுரங்கத்தின் உயரமும் கம்பிக்கு ஏற்றதாக இருக்க வேண்டும், கம்பி பத்து வருஷம் கழித்து வந்தாலும்.

இதில் ஒரு ஆபத்து உண்டு என்பதையும் சொல்ல வேண்டும். சுவிட்சர்லாந்தில் 2007இல் திறந்த 34.6 கிலோமீட்டர் லோட்ச்பெர்க் அடிமலைச் சுரங்கத்தில் பணம் போதாமல் பெரும் பகுதியில் ஒரு தடம் மட்டும் போட்டு விட்டார்கள். வண்டி கூடிக்கொண்டே வந்தது, சுரங்கம் நிரம்பிவிட்டது. மீதியை முடிக்கும் வேலைக்கு ஓடும் சுரங்கத்துக்குள் திரும்ப இறங்க வேண்டியிருக்கிறது. பாதியில் நிறுத்திய நீளச் சுரங்கம் பின்னால் கழுத்தைப் பிடிக்கும். எனவே சுரங்கத்தில் மட்டும் அரைகுறை வேண்டாம். ஒரு கிலோமீட்டருக்கு மேல் போகும் எந்தச் சுரங்கமும் முதல் நாளிலேயே இரண்டு தடத்தோடு திறக்கட்டும். வெளியே மண் மேட்டில் இரண்டாவது தடத்தை எப்போது வேண்டுமானாலும் சேர்க்கலாம்; மலைக்குள் சேர்க்க முடியாது.

கம்பி கடைசியில். அதுவும் கெமாஸ் பக்கத்திலிருந்து, ஏற்கெனவே மின்சாரம் இருக்கும் இடத்திலிருந்து வடக்கே நகரட்டும். அதுவரை இரண்டு சக்தியிலும் ஓடும் வண்டிகளை வாங்கலாம்: கோலாலம்பூரிலிருந்து கெமாஸ் வரை கம்பியில், அதற்கு மேல் டீசலில். கோலாலம்பூரிலிருந்து தும்பாட் போகிறவர்கள் இப்போது கெமாசில் பெட்டி, பை, பிள்ளைகளோடு இறங்கி மாறி ஏறுகிறார்கள். கம்பி ஒரு அங்குலம்கூட நகராமலே அந்தச் சிரமத்தை இந்த வண்டிகள் தீர்த்துவிடும்.

இது மெதுவான வழி, பதினைந்து இருபது வருஷம் ஆகும், இரண்டு மூன்று தேர்தல் போகும் என்பது தெரிந்ததுதான். மேற்குக் கரைக்கு முப்பது வருஷம் பிடித்தது. ஈப்போவுக்கு வடக்கே 2003இல் ஒப்பந்தம் பேசி, தள்ளிப்போட்டு, 2008இல் மண் வெட்ட ஆரம்பித்து, 2014இல் முடித்தார்கள். தள்ளிப்போட்ட வருஷங்களில் யாரும் சும்மா இருந்திருக்க வேண்டியதில்லை. மலையில் துளை போட்டு மண்ணையும் பாறையையும் பார்க்கும் வேலைக்கு மொத்தச் செலவில் சின்னப் பங்கு போதும். கிழக்குக் கரையில் அந்த வேலையை இப்போதே தொடங்கலாம். டாபோங்குக்கும் கெமுபுவுக்கும் நடுவில் எங்கே பாறை கெட்டி, எங்கே சுண்ணாம்புக் குழி, எந்த மட்டம் வரை 2014இல் தண்ணீர் ஏறியது என்ற விவரம் கையில் இருந்தால், பணம் வரும் வருஷத்தில் முடிவெடுக்க ஆறு மாசம் போதும். புது வழிக்கு வேண்டிய நிலத்தையும் இப்போதே வரைபடத்தில் ஒதுக்கிவிடலாம், அங்கே வீடும் தோட்டமும் வருவதற்கு முன்.